நாலு பக்கத்து வீட்டாரின் சராசரி: கம்ப்யூட்டரில் பி.டி.இ. போடத் தொடங்குவது எப்படி?



பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்று தலைப்பில் முழுசாகப் போட்டிருந்தால் பாதிப் பேர் அடுத்த பக்கத்துக் கவிதைக்குத் தாவியிருப்பீர்கள். அதனால்தான் பி.டி.இ. என்று சுருக்கிப் போட்டேன். பயப்பட வேண்டாம். இந்தக் கட்டுரையில் நீங்கள் போடப்போவது பெரும்பாலும் கூட்டல், கழித்தல், நாலால் வகுத்தல். அவ்வளவுதான். கணக்கில் அரியர் வைத்திருப்பவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

ஏன் இதை எழுதுகிறேன்? ஃபைனல் இயர் பிராஜக்ட் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். மெக்கானிக்கலோ, சிவிலோ, ஆட்டோமொபைலோ, எங்கேயாவது ஒரு வண்ணப் படம் இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். பக்கத்தில் ஒரு அளவுப் பட்டை. கீழே 'ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ்' என்று ஒரு வரி. வைவாவில் எக்ஸ்டெர்னல் அந்தப் படத்தில் விரலை வைத்து, "இந்த எண் எப்படிப்பா வந்தது?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "சாஃப்ட்வேர் கொடுத்துச்சு சார்." சரி, கொடுத்துச்சு. உள்ளே அது என்ன பண்ணுச்சு? கொடுத்தது சரிதானா என்று எதை வைத்துச் சொல்வது? படம் எடுக்க அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். இந்த இரண்டு கேள்விக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். தொட்டியில் தண்ணீர் வடிகிறது; மட்டம் நேரத்தை மட்டும் பொறுத்தது. அதற்குச் சாதாரண வகைக்கெழு போதும். அடுப்பில் வைத்த தோசைக்கல் அப்படி இல்லை. நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. இப்போது ஒன்று, அஞ்சு நிமிஷம் கழித்து வேறு. இடத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பொறுத்து மாறும் எதை எழுதப் போனாலும் பி.டி.இ. வந்து நிற்கும். அணைக்கு அடியில் தண்ணீர் கசிவது, டிரான்ஸ்ஃபார்மர் கோரில் காந்தப்புலம், பீமில் தகைவு, குழாயில் ஓட்டம், எல்லாம் ஒரே குடும்பம். புத்தகத்தில் நாம் போடுவது செவ்வகம், வட்டம் மாதிரி நல்ல பிள்ளை வடிவங்களுக்கு மட்டும். தகட்டில் ஒரு பக்கமாக ஒரு ஓட்டை போட்டுவிட்டால் புத்தக வழி அநேகமாக அங்கேயே முடிந்துபோகும். அப்போதுதான் எண்களை வைத்து நெருங்கிப் போகிற வழி தேவைப்படுகிறது.

சாஃப்ட்வேர் எதையும் இறக்குவதற்கு முன்னால் ஒரு பேப்பர் எடுங்கள். சதுரமான ஒரு இரும்புத் தகடு. மேல் விளிம்பு 100 டிகிரி. மற்ற மூன்று விளிம்பும் 0 டிகிரி. ரொம்ப நேரம் அப்படியே விட்டு, சூடு நிலைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எங்கே எவ்வளவு சூடு? உள்ளே தனியாக ஹீட்டர் எதுவும் இல்லாதவரை விதி ரொம்ப எளிது: ஒவ்வொரு புள்ளியின் சூடும் அதன் மேல், கீழ், இடம், வலம் என்ற நாலு பக்கத்து வீட்டாரின் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும். புள்ளிகள் நெருங்க நெருங்க அந்தச் சராசரி உண்மையை நெருங்கும். லாப்ளாஸ் சமன்பாடு என்று புத்தகத்தில் மிரட்டுவது இதைத்தான்.

தகட்டுக்குள் 3 வரிசை, 3 நிரை, மொத்தம் 9 புள்ளி குறியுங்கள். முதலில் ஒன்பதுக்கும் 0 போடுங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியாகப் போய், நாலு பக்கத்து எண்ணையும் கூட்டி நாலால் வகுத்து, பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். ஒன்பதும் முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. பத்துப் பதினைந்து சுற்றில் எண்கள் அடங்க ஆரம்பிக்கும். கடைசியில் மேல் வரிசையில் 42.86, 52.68, 42.86 வரும், நடு வரிசையில் 18.75, 25.00, 18.75, கீழ் வரிசையில் 7.14, 9.82, 7.14. வந்துவிட்டதா? நீங்கள் ஒரு பி.டி.இ.யைக் கையால் போட்டுவிட்டீர்கள். பல லட்சம் ரூபாய் சாஃப்ட்வேரும் அடிப்படையில் இதே மாதிரி ஒரு எண் கூட்டத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஒன்பது புள்ளிக்குப் பதில் அதற்குப் பத்து லட்சம் புள்ளி.

கை வலித்தால் எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். 5க்கு 5 செல் எடுத்து ஓரச் செல்களில் 100, 0 என்று எல்லை மதிப்பைப் போடுங்கள். உள்ளே இருக்கும் ஒன்பது செல்லிலும் 'மேல் + கீழ் + இடம் + வலம், வகுத்தல் 4' என்ற ஃபார்முலா. மூலைச் செல்கள் நாலும் கணக்கிலேயே வராது. எண்டர் தட்டியதும் 'சர்குலர் ரெஃபரன்ஸ்' என்று சாஃப்ட்வேர் முறைக்கும். ஒவ்வொரு செல்லும் மற்றதைக் கேட்டு நிற்கிறதே, அதனால். செட்டிங்கில் போய், கணக்கிடும் பகுதியில் 'இட்டரேஷன்' என்பதை டிக் செய்து, எத்தனை சுற்று என்பதை 1000 என்றும், குறைந்தபட்ச மாற்றத்தை 0.00001 என்றும் மாற்றுங்கள். எக்ஸெலில் அது 100 சுற்று, 0.001 என்று இருக்கும். பெரிய கட்டத்துக்கு அது பத்தாது. எண் அடங்குவதற்கு முன்னாலேயே நின்றுவிடும். பார்ப்பதற்கு விடை மாதிரியே இருக்கும். இது கவனிக்க வேண்டிய இடம்.

இனி முக்கியமான கேள்வி: சரியா? நடுப்புள்ளிக்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. இதே மாதிரி நாலு தகடு எடுங்கள். ஒன்றில் மேல் விளிம்பு 100, அடுத்ததில் வலது, அடுத்ததில் கீழ், கடைசியில் இடது. நாலையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால் நாலு விளிம்பும் 100. எல்லாப் பக்கமும் 100 என்றால் உள்ளேயும் 100தான். நடுப்புள்ளி நாலு தகட்டிலும் ஒரே இடம். ஆகவே ஒவ்வொன்றின் பங்கு 25. நம் விடையும் 25. கால்குலேட்டர்கூட வேண்டாம்!

ஆனால் இதைப் பார்த்து உடனே காலரைத் தூக்கிவிடக் கூடாது. நடுப்புள்ளிக்குச் சமச்சீர் கைகொடுத்தது. மேல் வரிசையின் நடுவில் இருக்கும் 52.68-ஐப் பாருங்கள். ஃபூரியர் தொடர் போட்டு எடுத்தால் அந்த இடத்தின் உண்மையான விடை 54.05. 1.37 டிகிரி குறைவு. புள்ளிகளை நெருக்கி உள்ளே 7க்கு 7 போட்டால் அதே இடத்தில் 53.61 வருகிறது. 15க்கு 15 போட்டால் 53.93. பிழை 1.37, 0.44, 0.12 என்று இறங்குகிறது. போகப் போக, இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை கால்வாசியாகும் என்பதுதான் இந்த முறையின் குணம். உண்மை விடை தெரியாத கணக்கிலும் இந்த வித்தை வேலை செய்யும்: மூன்று மெஷ் போட்டு, மூன்று விடையையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். மாற்றம் குறுகிக்கொண்டே வருகிறதா? அப்படியானால் நம்பலாம். ஒரே ஒரு மெஷ் போட்டு எடுத்த விடைக்கு, எவ்வளவு அழகாகக் கலர் அடித்தாலும், தனியாக மரியாதை கிடையாது என்பது என் கட்சி.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்தது என்று நினைத்தால் தப்பு. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1910-லேயே ஒரு கல் அணைக்குள் இருக்கும் தகைவை இப்படிப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டுக் கட்டுரை வெளியிட்டார். கணக்குப் போட்டவர்கள் கூலிக்கு வைத்த பையன்கள். ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணில் எத்தனை இலக்கம் என்பதைப் பொறுத்து ரேட். தப்பாகப் போட்டதற்குக் காசு கிடையாது! அதே மனிதர் முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் படையில் இருந்தபோது, 1910 மே 20-ஆம் தேதியின் வானிலையை இதே வழியில் கையால் போட்டுப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. அன்றைக்கு உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. புயல் சின்னத்துக்குக்கூட அப்படி ஒரு மாற்றம் வராது. கூட்டல் கழித்தலில் கோளாறு இல்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்று, அழுத்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்ததுதான் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். மறைக்காமல் 1922-ல் அதைப் புத்தகமாகவே போட்டார் பாருங்கள், அந்த நெஞ்சுரம் எனக்குப் பிடிக்கும். 1950-ல் எனியாக் கம்ப்யூட்டரில் முதன்முதலாக வானிலையைக் கணக்கிட்ட குழு அவர் போட்ட பாதையில்தான் நடந்தது.

நேரமும் மாறுகிற கணக்கில் இன்னொரு பள்ளம் உண்டு. நீளமான எம்.எஸ். கம்பி ஒன்று. 10 மி.மீ.க்கு ஒரு புள்ளி. நடுப்புள்ளி மட்டும் 100 டிகிரி, மற்றதெல்லாம் 0. அடுத்த நொடிகளில் என்ன ஆகும்? புதிய சூடு = பழைய சூடு + ஆர் × (இடம் + வலம் − 2 × பழைய சூடு). இந்த ஆர் என்பது பொருளின் வெப்பப் பரவல் எண்ணை நேர இடைவெளியால் பெருக்கி, புள்ளி இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தது. அவசரப்பட்டு நேர இடைவெளியைப் பெரிசாக வைத்து, ஆர் = 1 என்று வந்துவிட்டது என்று வையுங்கள். முதல் அடியில் நடுப்புள்ளி மைனஸ் 100. அடுத்த அடியில் பிளஸ் 300! ஐஸ் கட்டியைவிடக் குளிர்ந்து, உடனே உலைச் சூடு. போகப் போக லட்சம், கோடி. சாஃப்ட்வேர் அந்த இடத்தில் 'டைவர்ஜ்ட்' என்று எழுதிவிட்டுப் படுத்துவிடும். ஆர் அரைக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் விதி. இப்படி ஒரு வரம்பு இருக்கிறது என்று 1928-ல் கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் எடுத்துக் காட்டினார்கள்.

எம்.எஸ். இரும்புக்கு வெப்பப் பரவல் எண் வினாடிக்குச் சுமார் 12 சதுர மி.மீ. ஆகவே 10 மி.மீ. இடைவெளிக்கு அதிகபட்ச நேர அடி சுமார் 4.2 வினாடி. 5 மி.மீ. ஆக்கினால் 1 வினாடிக்குக் கொஞ்சம் மேல். 1 மி.மீ. என்றால் 0.04 வினாடிதான். மெஷ்ஷைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசியாகிறது; முப்பரிமாணக் கணக்கில் புள்ளிகளும் எட்டு மடங்கு. ஆக வேலை 32 மடங்கு. "மெஷ் இன்னும் நைசா போடுடா" என்று சொல்வது சுலபம். சிஸ்டம் ராத்திரி முழுக்க உறுமும். மறைமுக முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் தீர்ப்பதால் வெப்பக் கணக்கு இப்படி வெடிக்காது. நிறைய சாஃப்ட்வேரில் அதுதான் உள்ளே ஓடுகிறது. வெடிக்காது என்பதற்காக விடை சரி என்று அர்த்தம் இல்லை. பெரிய நேர அடி எடுத்தால் மழுங்கிய விடைதான் கிடைக்கும்.

கட்டம் போட்ட பேப்பர் முறை வளைந்த விளிம்புக்கு ஒத்துவராது. ஓட்டையைச் சுற்றிச் சதுரம் அடுக்கினால் படிக்கட்டுதான் வரும். அதற்காக வந்தது ஃபைனைட் எலிமெண்ட் முறை: பகுதியைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் விடை ஒரு எளிய கோட்டில் போகிறது என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மூலையில் தைத்துவிடுவது. 1943-ல் கூரண்ட் முக்கோணங்களை வைத்து ஒரு கணக்கு எழுதினார். 1950-களில் விமான இறக்கைக்காக இன்ஜினீயர்கள் இதைத் தனியாக வளர்த்தார்கள். 1960-ல் ரே கிளஃப் இந்தப் பெயரை வைத்தார்.

எதை இன்ஸ்டால் பண்ணுவது? திருட்டு சி.டி. காலம் போய்விட்டது; இன்றைக்குக் காசில்லாமல் நேர்மையாகக் கிடைப்பதே நம் ஆயுசுக்குப் போதும். எழுதிப் பழக ஆசை என்றால் ஃப்ரீஃபெம். பாரிசில் ஒலிவியே பிரோன்னோ, ஃப்ரெடெரிக் ஹெக்ட் ஆகியோர் வளர்த்தது. நம் தகட்டுக் கணக்கை அதில் பத்து வரியில் எழுதிவிடலாம்: எல்லைக் கோடு எது, அதை எத்தனை துண்டாக்குவது, மெஷ் போடு, சமன்பாடு இது, மேல் விளிம்பு 100, மற்றவை 0, வரை. சமன்பாட்டை மட்டும் 'வீக் ஃபார்ம்' என்ற உருவத்தில் எழுத வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்தால் பிடிபடும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஃபெனிக்ஸ் இருக்கிறது. எழுதவே வேண்டாம், வரைந்து அழுத்தினால் போதும் என்பவர்களுக்கு ஃப்ரீகேட். அதில் இருக்கும் ஃபெம் பகுதி, மெஷ் போட ஜிமெஷ்ஷையும் தீர்க்க கால்குலிக்ஸையும் கூப்பிட்டுக்கொள்ளும். சூடு, மின்சாரம், காந்தம் எல்லாம் கலந்து வேண்டும் என்கிற இ.இ.இ. நண்பர்கள் பின்லாந்தின் எல்மரைப் பாருங்கள். ஓட்டம், காற்று என்றால் ஓப்பன்ஃபோம். ஆனால் அதை முதல் சாஃப்ட்வேராக எடுக்காதீர்கள். ஜன்னல் கிடையாது, பட்டன் கிடையாது. மூன்று ஃபோல்டர் நிறைய டெக்ஸ்ட் ஃபைல். விண்டோசில் ஓட்டப் பலரும் உள்ளே ஒரு லினக்ஸ் வைத்துக்கொள்கிறார்கள். அப்படியும் பிடிவாதமாகத் தொடங்குபவர்கள், அதோடு வரும் 'கேவிட்டி' பயிற்சியைத் தொட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள்.

எதை எடுத்தாலும் ஒரே நடைதான்: வடிவம், மெஷ், பொருள், எல்லை நிபந்தனை, தீர்வு, படம். இதில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நாலாவது. ஒரு விளிம்புக்கு நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்றால் ஃபைனைட் எலிமெண்ட் சாஃப்ட்வேர் பிழை காட்டாது. வெப்பக் கணக்கில், அந்த விளிம்பு இன்சுலேட் செய்தது என்று எடுத்துக்கொள்ளும். தகைவுக் கணக்கில், அங்கே விசையே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். மறந்தீர்களா, வேண்டுமென்றே விட்டீர்களா என்று அதற்கு எப்படித் தெரியும்? அடுத்தது அலகு. கால்குலிக்ஸுக்கு மீட்டரும் தெரியாது, மி.மீ.யும் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். மி.மீ., நியூட்டன் என்று ஃபைல் எழுதினால் அடர்த்தியை டன்/கன மி.மீ.யில் கொடுக்க வேண்டும். இரும்புக்கு 7.85-ஐ நூறு கோடியால் வகுத்த எண். 7850 என்று போட்டுச் சொந்த எடையைக் கணக்கிட்டால், உங்கள் பிராக்கெட் மலையைவிடக் கனமாகிவிடும்.

உள்பக்கமாக மடங்கும் கூர்மையான மூலை இன்னொரு வம்பு. எல் வடிவப் பிராக்கெட்டில் ஃபில்லட் போடாமல் மூலையைக் கூராக வரைந்தால், மெஷ்ஷை நைசாக்க நைசாக்க அங்கே தகைவு ஏறிக்கொண்டே போகும்; எங்கேயும் நிற்காது. சமன்பாட்டின்படி அங்கே தகைவு முடிவிலி. அந்தச் சிவப்புப் புள்ளியின் எண்ணை ரிப்போர்ட்டில் 'அதிகபட்சத் தகைவு' என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. நிஜப் பொருளில் இருக்கும் ஆரத்தை வரையுங்கள்.

இதையெல்லாம் ஏதோ மார்க்குக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1991 ஆகஸ்ட் 23. நார்வேயில் ஸ்டாவாங்கர் நகருக்குப் பக்கத்துக் கடல் கழியில் ஸ்லெய்ப்னர்-ஏ என்ற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 24 பெரிய கான்கிரீட் அறைகள் சேர்ந்த அமைப்பு. சுமார் 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சுவர் வெடித்தது. தண்ணீர் உள்ளே புகுந்து, மொத்தமும் அடியில் போய் மோதி நொறுங்கியது. நில அதிர்வுக் கருவிகளில் ரிக்டர் 3 அளவு பதிவானது. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். உயிர்ச்சேதம் இல்லை என்பதுதான் ஆறுதல். விசாரித்தால், அறைகள் மூன்று கூடும் இடத்தில் போட்டிருந்த எலிமெண்டுகள் கரடுமுரடு. அங்கே வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் காட்டியிருந்தது. அதை நம்பி அமைத்த சுவருக்குத் தடிமனும் கம்பியும் பத்தவில்லை. பயன்படுத்தியது நாஸ்ட்ரான், உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய சாஃப்ட்வேர். அதில் குறையில்லை. பிறகு கவனமாக மெஷ் போட்டுப் பார்த்தபோது, இந்தச் சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. அந்தக் கணக்கை முன்னாலேயே போட்டிருக்கலாமே!

ஆகவே முதல் வாரத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஃப்ரீகேட் இறக்குங்கள். 300 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் கொண்ட ஒரு எம்.எஸ். ஃபிளாட். ஒரு முனையை இறுகப் பிடித்து, மறு முனையில் தடிமன் திசையில் 100 நியூட்டன் கீழே இறக்குங்கள். நம் எஸ்.ஓ.எம். வாத்தியார் சொல்லிக்கொடுத்த கேன்டிலீவர் சூத்திரத்தில், யங் குணகம் 2 லட்சம் என்று வைத்தால், முனை 2.16 மி.மீ. இறங்க வேண்டும்; பிடித்த இடத்தில் வளைவுத் தகைவு 72 நியூட்டன்/சதுர மி.மீ. இதை நோட்டில் எழுதி வைத்துவிட்டு சாஃப்ட்வேரை ஓட்டுங்கள். முதலில் எலிமெண்ட் வகையை 'முதல் படி' என்று வைத்து, தடிமனுக்கு ஒரே எலிமெண்ட் வருகிற மாதிரிப் பெரிய மெஷ்ஷில் ஓட்டினால், 2.16-க்கு ரொம்பக் கீழே ஒரு எண் வரும். ஃபிளாட் விறைத்துக்கொண்டு நிற்கும். அதே மெஷ்ஷில் 'இரண்டாம் படி' என்று மாற்றி ஓட்டுங்கள், 2.16-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தகைவைப் பார்க்கும்போது பிடித்த முனையின் மூலைகளை விட்டுவிட்டு, 50 மி.மீ. தள்ளிப் பாருங்கள். சூத்திரப்படி அங்கே 60.

அந்த மூன்று எண்ணும் வந்த பிறகு உங்கள் பிராஜக்ட் பிராக்கெட்டை வரைய ஆரம்பியுங்கள். வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது அலகு, அடுத்தது பிடித்த முகம் சரியானதுதானா என்பது. அப்படியும் வராவிட்டால், எடுத்துக்கொண்டு சாயங்காலம் கேட் லேப் பக்கம் வாங்க, சேர்ந்து பார்ப்போம்.